ராத்திரி நேர சிரஸை அளக்க எந்த வழி? வங்காள விரிகுடாவை வெச்சு ஒரு ஒப்பீடு

போன மாசம் ஒரு ஜூனியர் ஃபோன் பண்ணி, "அண்ணா, வங்காள விரிகுடா மேல வர்ற சிரஸ் மேகத்தோட ஆப்டிக்கல் டெப்த்தும் பனித்துகள் சைஸும் எடுக்கணும், ராத்திரி பகல் ரெண்டுமே வேணும், எதை எடுக்கறது, மோடிஸா, இன்சாட்டா, ஹிமாவாரியா, இல்ல ஐயாசியா"ன்னு கேட்டாரு. ஒரு மணி நேரம் பேசியும் முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன். புதுசா வர்றவங்களுக்கு, சிரஸ்னா ரொம்ப உயரத்துல இருக்கற மெல்லிசு பனிமேகம், ஆப்டிக்கல் டெப்த்னா மேகம் கதிரை எவ்வளவு மறைக்குதுங்கற அளவு. மோடிஸும் ஐயாசியும் பூமியைச் சுத்தி வர்ற சாட்டிலைட்ல இருக்கற கருவிங்க, இன்சாட்டும் ஹிமாவாரியும் ஒரே இடத்து மேல நிக்குற ஜியோ சாட்டிலைட்டுங்க, முதலாவது இந்தியாவோடது, ரெண்டாவது ஜப்பானோடது. இதே கேள்வியில நான் ஒரு வருஷத்துக்கு மேல வீணடிச்சிருக்கேன், அதனால இதுல என் சாய்வு கொஞ்சம் இருக்கும், படிக்கும்போது அதையும் கழிச்சுக்கோங்க.

முதல்ல நாம தேடுற ஆளைப் பாத்துருவோம். இந்தக் கடல் மேல சிரஸ் பெரும்பாலும் 12லிருந்து 16 கிலோமீட்டர் உயரத்துல இருக்கும், பாதி நேரம் பெரிய இடிமேகத்தோட தலை விரிஞ்சு பரவி மெல்லிசாகி மிச்சம் இருக்கறதுதான், டெம்பரேச்சர் 200லிருந்து 230 கெல்வின் கிட்ட. கொசுவலை மாதிரின்னு வெச்சுக்கோங்க, சூரிய வெளிச்சத்தை பெரும்பாலும் உள்ள விட்டுரும், ஆனா கீழேருந்து மேல போற வெப்பத்தைப் பிடிச்சுக்கும். அதனால மெல்லிசு சிரஸ் பூமியை சூடாக்குற பக்கம்தான் நிக்குது. ராத்திரில வெளிச்சக் கணக்கே கிடையாது, வெப்பத்தைப் பிடிக்கறது மட்டும்தான் மிச்சம், அதனாலதான் பகல் டேட்டாவை மட்டும் வெச்சு எழுதுன பேப்பரைப் பாத்தா எனக்கு பாதி கதைதான் படிச்ச மாதிரி இருக்கும்.

பகல்ல வேலை செய்யற முறையை முதல்ல சொல்லி ஓரமா வெச்சுடறேன். நகாஜிமாவும் கிங்கும் 1990ல எழுதுன முறை, துகள் உறிஞ்சாத ஒரு விசிபிள் சேனல், கொஞ்சம் உறிஞ்சற 1.6 இல்ல 2.1 மைக்ரான் சேனல், இந்த ரெண்டுலயும் எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருதுன்னு பாத்து ஆப்டிக்கல் டெப்த்தையும் சைஸையும் ஒண்ணா எடுக்கறது. தடியான மேகத்துக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல, இன்ஃப்ராரெட் மூச்சு விட்டு நின்னுடற இடத்துல இது ஜாலியா ஓடும். ஆனா ராத்திரி பூஜ்யம், மெல்லிசு சிரஸ்ல தடுமாறும், கடல்ல சூரியன் பளபளக்குற கோணம் வந்தா அந்த ஏரியாவையே தூக்கிப் போடணும். இதை எல்லாத்தையும் விட பெரிய சிக்கல், பனித்துகளோட வடிவத்தை நாம என்னன்னு நினைச்சுக்கறோமோ அதுக்கு ஏத்த மாதிரி விடை மாறும், இந்தக் கதைக்கு பின்னாடி வரேன்.

இப்ப இன்ஃப்ராரெட். எந்த முறையா இருந்தாலும் அடியில இருக்கற கணக்கு ஒண்ணுதான். மேகமே இல்லன்னா சாட்டிலைட்டுக்கு எவ்வளவு வெப்பக்கதிர் வரும், மேகம் முழுசா அடைச்சுட்டா அந்த மேகத்தோட குளிருக்கு எவ்வளவு வரும், நிஜமா அளந்தது இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க விழுது, அதுதான் எமிசிவிட்டி. கீழ 300 கெல்வின், மேகம் 210 கெல்வின், எமிசிவிட்டி 0.1னு வெச்சு 11 மைக்ரான்ல போட்டுப் பாத்தா சாட்டிலைட்டுக்குத் தெரியறது 294 கெல்வின். ஆறே ஆறு டிகிரி வித்தியாசம், அதுலேருந்துதான் எல்லாத்தையும் உருவணும். எமிசிவிட்டி கிடைச்சா உறிஞ்சல் ஆப்டிக்கல் டெப்த் வந்துரும், அதை ஏறத்தாழ ரெண்டால பெருக்குனா விசிபிள் ஆப்டிக்கல் டெப்த்.

என்னோட ஒரே பாயிண்ட் இங்கதான் இருக்கு. எத்தனை சேனல் இருக்குங்கறதை வெச்சு முறையைத் தேர்ந்தெடுக்காதீங்க, அந்த ரெண்டு முனையும், அதாவது கீழ இருக்கற பேக்ரவுண்டும் மேகத்தோட டெம்பரேச்சரும், உங்களுக்கு எங்கேருந்து வருதுன்னு பாத்துத் தேர்ந்தெடுங்க. மேல சொன்ன அதே எண்ணுல பேக்ரவுண்டை 1 கெல்வின் தப்பா எடுத்தா உறிஞ்சல் ஆப்டிக்கல் டெப்த்ல 0.017 தப்பு வரும், எமிசிவிட்டி 0.1 இருக்கற மேகத்துக்கு அது 16 சதவீதம், 0.5 இருக்கற மேகத்துக்கு ரெண்டரை சதவீதம்கூட ஒழுங்கா இல்ல. மேக டெம்பரேச்சரை 5 கெல்வின் தப்பா எடுத்தா நேர் தலைகீழ், மெல்லிசுல 3 சதவீதம் கிட்ட, எமிசிவிட்டி 0.9 ஆனா 10 சதவீதம். அதாவது மெல்லிசு மேகத்தைக் கெடுக்கறது கீழ்முனை, தடிமேகத்தைக் கெடுக்கறது மேல்முனை. ஆப்டிக்கல் டெப்த் 0.03க்குக் கீழ போற கண்ணுக்கே தெரியாத சிரஸ் மொத்தமா ஒரு கெல்வின்கூட குறைக்காது, பேக்ரவுண்ட் தப்புக்குள்ளயே அது முழுகிடும், அதை இமேஜர்ல (சாட்டிலைட்லேருந்து படம் பிடிக்கற கருவி) தேடறேன்னு கிளம்பாதீங்க.

சரி, வழிகளுக்கு வருவோம். எல்லாரும் முதல்ல போய் விழறது ஸ்ப்ளிட் விண்டோ. 11, 12 மைக்ரான் ரெண்டு சேனலோட பிரைட்னஸ் டெம்பரேச்சரை, அதாவது அளந்த கதிரை டெம்பரேச்சரா மாத்துனதை, ஒண்ணுலேருந்து ஒண்ணு கழிக்கறது. பனி 12 மைக்ரான்ல கொஞ்சம் அதிகமா உறிஞ்சும். பெரிய துகளா இருந்தா உள்ள போன கதிரை ரெண்டு சேனல்லயுமே கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சிடும், வித்தியாசம் தெரியாது, சின்னத் துகளா இருந்தா அந்த வித்தியாசம் வெளிய தெரியும். 11 மைக்ரான் டெம்பரேச்சரை கிடையா, வித்தியாசத்தை நெட்டா போட்டு பிளாட் பண்ணா ஒரு வளைவு வரும், ஒரு கால் சூடான கடல்ல, இன்னொரு கால் அடைச்சு நிக்குற குளிர் மேகத்துல, நடுவுல மெல்லிசு சிரஸ் எல்லாம் மேல எழும்பி நிக்கும், வளைவு எவ்வளவு உயரமோ துகள் அவ்வளவு சின்னது. பாக்க அழகா இருக்கும், கோடு நாலஞ்சு வரிதான், இன்சாட்லயே ரெண்டு சேனலும் இருக்கு, இதை விட எளிசா எதுவும் கிடையாது.

ஆனா வங்காள விரிகுடால இதோட சூடான கால் பூஜ்யத்துல நிக்காது. கீழ இருக்கற ஈரக்காத்தும் 12 மைக்ரான்ல அதிகமா உறிஞ்சும், அதனால மேகமே இல்லாத இடத்துலயே ரெண்டு மூணு கெல்வின் வித்தியாசம் இருக்கும். நான் முதல் தடவை பண்ணப்போ அந்தக் காலை பூஜ்யம்னு வெச்சு ஓட்டிட்டேன், துகள் எல்லாம் பொடிப்பொடியா வந்துச்சு, கைடு பிளாட்டைப் பாத்துட்டு "என்னப்பா, வங்கக் கடல் மேல முழுக்க ஏரோப்ளேன் புகையா"ன்னு கேட்டாரு. அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. அதுவும் இல்லாம எஃபெக்டிவ் ரேடியஸ் (துகளோட ஒரு வகை சராசரி ஆரம்) 40 மைக்ரானைத் தாண்டிட்டா இந்த முறைக்கு கண்ணு மங்கிடும், ஆப்டிக்கல் டெப்த் அஞ்சாறு தாண்டுனா வளைவோட குளிர் கால்ல போய் உக்காந்துரும், அப்புறம் அது சொல்றது எதையும் நம்பக்கூடாது.

இதோட மூணாவதா 8.5 மைக்ரான் சேர்ந்தா கொஞ்சம் தெம்பு. அந்த இடத்துல பனி உறிஞ்சறது 11ஐ விட நல்லாவே கம்மி, அதனால இது பனியா தண்ணியான்னு பிரிக்கறதுக்கு நல்ல துணை, 90களின் தொடக்கத்துலேருந்தே விஸ்கான்சின் பக்கம் இதைப் பண்ணிட்டு இருக்காங்க. பாலைவனம் மேல மணல் இந்த சேனல்ல சதி பண்ணும், குவார்ட்ஸோட எமிசிவிட்டி அங்க இறங்கிடும், நமக்கு கீழ கடல்ங்கறதால அந்தத் தொல்லை இல்ல. மோடிஸ் டெரா, ஆக்வான்னு ரெண்டு சாட்டிலைட்ல இருக்கு, அதுல இது 29வது பேண்ட். ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, டெரா சாட்டிலைட் 2016 பிப்ரவரில சேஃப் மோடுக்குப் போய்ட்டு வந்ததுக்கு அப்புறம் இந்த பேண்ட்ல கிராஸ்டாக் (பக்கத்து சேனல் சிக்னல் வந்து கலக்கறது) கூடிப் போச்சு, 6.1 கலெக்ஷன்ல, அதாவது டேட்டாவோட புது வெர்ஷன்ல, திருத்தியிருக்காங்க, பழைய கலெக்ஷன் ஃபைலை யாராவது பென்டிரைவ்ல குடுத்தா வாங்காதீங்க. ஆக்வால போறது நிம்மதி. இன்சாட் இமேஜர்ல 8.5 கிடையாது, அங்கதான் அது பின்தங்குது.

கார்பன் டை ஆக்சைடு ஸ்லைசிங்னு ஒண்ணு இருக்கு, 13.3லிருந்து 14.2 மைக்ரான் வரைக்கும் மோடிஸ்ல நாலு சேனல், ஒவ்வொண்ணும் காத்துல ஒவ்வொரு உயரம் வரைக்கும்தான் பாக்கும், பக்கத்து சேனல் ரெண்டோட சிக்னலை வகுத்தா எமிசிவிட்டி கழண்டு போய் மேகத்தோட அழுத்தம் மட்டும் நிக்கும். ஐடியா ரொம்ப புத்திசாலித்தனம். ஆனா நம்ம ஊர் டிராப்பிக்ஸ்ல மேகம் 150 ஹெக்டாபாஸ்கல் கிட்ட இருக்கும்போது 50 ஹெக்டாபாஸ்கல் தப்புன்னா அது ரெண்டு கிலோமீட்டர், டெம்பரேச்சர்ல எவ்வளவுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அது காட்டறதும் மேகத்தோட உச்சியை இல்ல, கதிர்வீச்சு எங்கேருந்து வர்ற மாதிரி தெரியுதோ அந்த நடுப்பகுதியை, லிடார் (லேசர் ஒளியை அனுப்பி உயரத்தை அளக்கற கருவி) காட்டற உச்சியை விட எப்பவும் கீழதான் இருக்கும். சைஸ் இதுல வராது. மோடிஸுக்கு அடுத்த தலைமுறை இமேஜரான விர்ஸ்ல (VIIRS) இந்த சேனல்களே இல்லைங்கறதால ஆக்வாக்கு அப்புறம் இதே தொடரை விர்ஸ்ல அப்படியே நீட்ட முடியாது, இதை நிறைய பேர் தீசிஸ் நாலாவது வருஷத்துலதான் கண்டுபிடிக்கறாங்க.

அடுத்து பெரிய தலைங்க, ஆயிரக்கணக்கான சேனல்ல பாக்கற ஏர்ஸும் ஐயாசியும். ஏர்ஸ்ல 2378 சேனல், ஐயாசில 8461. ஜூனியருக்கு இதுல ஒரு கண்ணு, எனக்கும் அந்த வயசுல இருந்துச்சு. இதோட பலம் நிஜமாவே பலம், 8லிருந்து 13 மைக்ரான் வரைக்கும் பனியோட உறிஞ்சல் வளைவு கிட்டத்தட்ட முழுசும் கண்ணுக்குத் தெரியும், தண்ணீராவிக் கோடுகளுக்கு நடுவுல இருக்கற சன்னலைப் பாத்துப் பொறுக்கி எடுக்கலாம், அதனால நான் மேல புலம்புன ஈரக்காத்து தொல்லை பாதி குறையும், அதே கருவி கீழ இருக்கற காத்தோட வெப்பத்தையும் ஈரத்தையும் குடுத்துரும். ஆனா ஒரு ஃபுட்பிரிண்ட் (ஒரு தடவைல பாக்கற வட்டம்) நேர் கீழயே 12, 13 கிலோமீட்டர், சிரஸ் அவ்வளவு தூரம் ஒரே மாதிரி எங்க இருக்கு, பாதி மேகம் பாதி வெறும் வானம்னு கலந்து வந்தா எமிசிவிட்டி கம்மியான முழு மேகம் மாதிரியே தெரியும். அப்புறம் ஆர்டிடிஓவி மாதிரி ரேடியேடிவ் டிரான்ஸ்ஃபர் மாடலை ஓட்டணும், ஆப்டிமல் எஸ்டிமேஷன் (அளந்ததையும் முன்அனுமானத்தையும் சேத்து சிறந்த விடை தேடற முறை) எழுதணும், அதுக்கு வேண்டிய தப்புக் கணக்கு, அந்த கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸை எங்கேருந்து எடுத்தேன்னு வைவால பதில் சொல்லணும். லேப்ல ஏற்கனவே இதைப் பண்ணி முடிச்ச சீனியர் இருந்தா தாராளமா போங்க. தனியா உக்காந்து ஆரம்பிக்கறவங்களுக்கு முதல் ரெண்டு வருஷம் கோடு சரியா ஓடுதான்னு பாக்கறதுலயே போயிரும். ஏர்ஸ் டீம் ஆறாவது வெர்ஷன்லேருந்து பனிமேக ஆப்டிக்கல் டெப்த்தும் துகள் சைஸும் ரெடியாவே குடுக்கறாங்க, ஒப்பிட்டுப் பாக்க அது போதும்.

நான் கடைசியா போய் நின்ன இடம் காலிப்ஸோ சாட்டிலைட். 2006 ஏப்ரல் 28ல கிளவுட்சாட்ங்கற ரேடார் சாட்டிலைட்டோட ஒரே ராக்கெட்ல போச்சு, 2023 ஆகஸ்ட்ல முடிச்சுட்டாங்க. எல்லாரும் அதுல இருக்கற லிடாரைப் பத்திதான் பேசுவாங்க, அதே சாட்டிலைட்ல பிரான்ஸ்காரங்க குடுத்த ஐஐஆர்னு ஒரு குட்டி இன்ஃப்ராரெட் கேமரா இருக்கு, 8.65, 10.6, 12.05 மைக்ரான்னு மூணே சேனல், 1 கிலோமீட்டர் பிக்சல், 64 கிலோமீட்டர் அகலம். சேனல் கணக்குல பாத்தா ஐயாசிக்கு முன்னாடி இது ஒண்ணுமே இல்ல. ஆனா ரெண்டு முனையையும் யோசிங்க. மேகம் எந்த உயரத்துல இருக்குன்னு லிடார் நேரா அளந்து சொல்லுது, கீழ வெறும் கடலா இல்ல இன்னொரு தண்ணி மேகமான்னும் அதுவே சொல்லுது, மான்சூன் சமயத்துல சிரஸுக்கு அடியில தாழ்வான மேகம் ஒளிஞ்சு உக்காந்து மத்த எல்லா முறையையும் ஏமாத்தும்போது இங்க மட்டும் அது மாட்டிக்கும். ராத்திரில சூரிய இரைச்சல் இல்லாததால லிடாருக்கு பார்வை இன்னும் கூர்மை. குறை என்னன்னா நடு கோட்டுல மட்டும்தான் லிடார் பாக்கும், ஒரே கோட்டுக்கு திரும்ப வர 16 நாள், ஆப்டிக்கல் டெப்த் மூணு தாண்டுனா லிடாரும் அடிவரைக்கும் போக முடியாம நின்னுரும்.

வடிவக் கதையை சொல்றேன்னேன்ல. மோடிஸோட அஞ்சாவது கலெக்ஷன்ல மெல்லிசு சிரஸுக்கு ஆப்டிக்கல் டெப்த் ரொம்ப பெரிசா வந்துச்சு, அதே மேகத்துக்கு காலிப்ஸோ லிடார் சின்னதா குடுத்துச்சு, ரெண்டு பக்கமும் பெரிய டீம், யார் சொல்றது சரின்னு வருஷக்கணக்கா இழுத்துச்சு. கடைசில இன்ஃப்ராரெட்டை நடுவர் மாதிரி கொண்டு வந்து வெச்சாங்க, ஏன்னா இன்ஃப்ராரெட்ல உறிஞ்சல்தான் முக்கியம், துகள் எந்தப் பக்கம் ஒளியை சிதறடிக்குதுங்கறது அவ்வளவா பாதிக்காது, அதனால வடிவத்தைப் பத்தின அனுமானம் விடையை அதிகம் ஆட்டாது. 2016ல வந்த அந்த ஒப்பீட்டுல ரெண்டு பேருமே தப்புன்னு ஆச்சு, மோடிஸ் மேல, லிடார் கீழ. லிடார் பக்கம் பனிக்கு 25னு வெச்சிருந்த லிடார் ரேஷியோ (திரும்பி வர்ற லேசர் ஒளியை ஆப்டிக்கல் டெப்த்தா மாத்த உதவற எண்ணு) கம்மி, 32 கிட்ட வெச்சா இன்ஃப்ராரெட்டோட ஒத்துப் போகுது. மோடிஸ் பக்கம் ஆறாவது கலெக்ஷன்ல வழவழப்பான படிகங்களோட கலவையை விட்டுட்டு சொரசொரப்பான தூண்கள் ஒட்டுன ஒரே வடிவத்துக்கு மாறினாங்க, எண்ணு இறங்கி வந்துச்சு. மெல்லிசு சிரஸுக்கு நான் ஏன் பகல் முறையை விட வெப்பக்கதிரை நம்பறேன்னு கேட்டா இந்த ஒரு சம்பவத்தைத்தான் சொல்வேன்.

ஆனா காலிப்ஸோ ஒரு மேகத்தை ஒரு தடவைதான் பாக்கும், அது எப்படி விரிஞ்சு எப்படி கரையுதுன்னு பாக்க ஜியோ சாட்டிலைட்தான் வேணும். இங்கதான் ஜூனியர் ஹிமாவாரியைக் கேட்டாரு, 16 சேனல், 10 நிமிஷத்துக்கு ஒரு படம், 8.6 இருக்கு 13.3 இருக்கு, பேப்பர்ல பாத்தா இன்சாட்டை ஊதித் தள்ளிரும். ஆனா அது நிக்கறது 140.7 டிகிரி கிழக்கு. வங்காள விரிகுடா நடுவை, 15 டிகிரி வடக்கு 88 டிகிரி கிழக்குன்னு வெச்சு போட்டா பாக்கற கோணம் 62 டிகிரி கிட்ட வருது, அப்படின்னா மேகத்தை சாய்வா ஊடுருவி ரெண்டு மடங்கு தடிமனாப் பாக்குது, சீக்கிரம் அடைச்சுரும், 15 கிலோமீட்டர் உயர மேகம் தன் நிஜ இடத்தை விட 28 கிலோமீட்டர் தள்ளித் தெரியும், கீழ ஈரக்காத்து பாதையும் அதே ரெண்டு மடங்கு. 74 டிகிரில இருக்கற இன்சாட்-3டிஆருக்கு அதே இடம் 24 டிகிரி கோணம்தான், இடம் தள்ளறதும் 7 கிலோமீட்டருக்குள்ள. 2022லிருந்து 45.5 டிகிரில நிக்குற மீட்டியோசாட்-9 நடுவுல, கோணம் 51, சேனலும் 8.7, 13.4 எல்லாம் இருக்கு, ரெண்டு பக்கமும் திருப்தி இல்லாதவங்க அங்க போகலாம்.

இன்சாட் பக்கமும் முழுசா நல்லவன் இல்ல. இமேஜர்ல மொத்தம் ஆறு சேனல், இன்ஃப்ராரெட் பிக்சல் 4 கிலோமீட்டர், அரைமணிக்கு ஒரு படம். குளிர் மேகத்துல கதிர் கம்மிங்கறதால அதே கருவி இரைச்சல் 300 கெல்வின்ல இருக்கறதை விட 210ல மூணு மடங்குக்கு மேல பெரிசாத் தெரியும், இது எல்லா சாட்டிலைட்டுக்கும் பொது, ஆனா சேனல் ரெண்டே இருக்கும்போது வலி அதிகம். ஜியோல நிக்கறதுங்களுக்கு நடுராத்திரி சூரியன் பூமிக்குப் பின்னாடிலேருந்து கருவிக்குள்ள எட்டிப் பாத்து கேலிப்ரேஷனை கொஞ்சம் அசைக்கற பழக்கம் உண்டு, நமக்கு வேண்டியதே ராத்திரிங்கறதால அந்த சில மணி நேரத்தை தனியா ஐயாசியோட ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் சேருங்க. டேட்டா இஸ்ரோவோட மோஸ்டாக் சைட்ல ரிஜிஸ்டர் பண்ணா கிடைக்குது.

அதனால ஜூனியருக்கு நான் சொன்னது இதான். 2006லிருந்து 2023 வரைக்கும் ஐஐஆர் டிராக் பிராடக்டை, அதாவது லிடார் கோட்டு மேல இருக்கற ஐஐஆர் விடைகளை, முதுகெலும்பா வைங்க, ஆப்டிக்கல் டெப்த்தும் எஃபெக்டிவ் சைஸும் அதுலயே இருக்கு, நீங்க எதையும் புதுசா எழுத வேண்டாம். அதே நேரத்துல மேல போன இன்சாட் பிக்சலை எடுத்து, பேக்ரவுண்டை ஈரா5 (வானிலை மறுபகுப்பாய்வு டேட்டா) ஈரத்தையும் கடல் டெம்பரேச்சரையும் ஆர்டிடிஓவில போட்டு கணக்குப் பண்ணி, உங்க ஸ்ப்ளிட் விண்டோ விடையை ஐஐஆரோட ஒப்பிடுங்க, எங்க ஒத்துப் போகுது எங்க உதைக்குதுன்னு தெரிஞ்சிரும். ஒத்துப் போற வரம்புக்குள்ள மட்டும் இன்சாட்டை வெச்சு அன்வில், அதாவது இடிமேகத்தோட விரிஞ்ச தலை, கரையற கதையைச் சொல்லுங்க. ஆக்வா மோடிஸ் சோதனைக்கு, ஐயாசி ஆசைக்கு. பகல் மட்டும் போதும்னு ஒருவேளை டாபிக் மாறினாலோ, தடியான அன்வில் நடுப்பகுதிதான் வேணும்னாலோ மோடிஸ் 6.1 கலெக்ஷன் பகல் பிராடக்டுக்கே போயிடுங்க, அங்க இன்ஃப்ராரெட்டைப் பிடிச்சுத் தொங்கறதுல அர்த்தம் இல்ல.

2023க்கு அப்புறம் என்னன்னு கேட்டாரு. எர்த்கேர் 2024 மே 28ல போயிருக்கு, லிடார், 94 கிகாஹெர்ட்ஸ் ரேடார், 8.8, 10.8, 12 மைக்ரான் மூணும் இருக்கற இமேஜர், எல்லாம் ஒரே சாட்டிலைட்ல, 150 கிலோமீட்டர் அகலம், 500 மீட்டர் பிக்சல். ஆனா அதோட லிடார் 355 நானோமீட்டர், காலிப்ஸோவோடது 532, ரெண்டையும் அப்படியே ஒட்ட வெச்சு ஒரே தொடர்னு எழுதிடாதீங்க. முதல் வேலையா ஒரே ஒரு ராத்திரியோட ஐஐஆர் டிராக்கை இறக்கி, கீழ மேகம் இல்லாத நூறு பிக்சலை மட்டும் பொறுக்கி, அந்த வளைவை வரைஞ்சு, சூடான கால் எங்க நிக்குதுன்னு பாத்து எனக்கு அனுப்புங்கன்னு சொல்லியிருக்கேன், இன்னும் வரல.